சக்கரம் வைத்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டின வீட்டை ஊர் ஊராக இழுத்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால், எங்கள் ஊர் அண்ணாச்சிக்கு அந்த யோசனை அறுபது வயது நிறையும் வரையில் காத்திருந்து வந்திருக்காது.

எங்கள் ஊர் என்றால் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியின் நடுவே இருக்கிறது. 2019-ம் வருஷத்தில் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து தென்காசி ஜில்லா பிரிந்தபோது நாங்களும் வீட்டை விட்டு நகராமலே ஜில்லா மாறினோம். மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீல நிறத்தில் நீண்டு கிடக்கும். ஆனி, ஆடியில் அந்த மலைக் கணவாயின் வழியாகக் காற்று வரும், மழை வராது. மழையை மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டு, காற்றை மட்டும் நமக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காற்றையும் வீணாக்காமல் காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பிரயாணம் என்றால் முன்னாளில் ஆடித் தபசுதான். சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் தரிசிக்கக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வண்டிக்கு உள்ளே குழந்தைகளும் பெண்டுகளும். வண்டிக்குக் கீழே அடுப்பு. வண்டிக்குப் பின்னால் வைக்கோல் பிரி. இரண்டு நாள், மூன்று நாள் அந்த வண்டிதான் வீடு. ஆகையால் சக்கரம் வைத்த வீடு என்பது நமக்குப் புதிய விஷயம் அன்று. நடுவில் ஐம்பது, அறுபது வருஷம் மறந்திருந்தோம், அவ்வளவுதான்.

மறந்ததை நினைவூட்டியவர் அண்ணாச்சி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாமும் வாத்தியார், நமக்கு இன்னும் பதினைந்து வருஷம் பாக்கி இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றவுடன், அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, தகப்பனாரையும் தாயாரையும் ஆறு மாதம் அழைத்து வைத்துக்கொண்டான். அங்கே ஒரு ஏரிக்கரையில் அண்ணாச்சி அந்தக் காட்சியைக் கண்டார். தலை நரைத்த தம்பதிகள் நூறு பேர், ஆளுக்கு ஒரு வீட்டை மோட்டாருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு வந்து, மரத்தடியில் நிறுத்தி, நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

ஊருக்குத் திரும்பி வந்தவர் கையில் ஒரு கட்டுப் படம் இருந்தது.

"தம்பி, இதைப் பாரும். இதற்குப் பேர் ஐந்தாம் சக்கரம்!" என்றார்.

நாம் சக்கரங்களை எண்ணிப் பார்த்தோம். வீட்டுக்கு நான்கு, இழுக்கும் வண்டிக்கு நான்கு, ஆக எட்டு இருந்தன.

ஐந்தாம் சக்கரம் என்பது தரையில் ஓடும் சக்கரம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். குதிரைக் கோச்சு வண்டி நாளில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, சக்கரத்தைப் படுக்கப் போட்டாற்போல ஒரு இரும்பு வளையம் வைப்பார்கள். நாலு சக்கர வண்டிக்கு அது ஐந்தாவது. அந்தப் பெயரே இன்றைக்கும் நிலைத்துவிட்டது. இப்போது இழுக்கிற டிரக்கின் முதுகில், பின் அச்சுக்கு நேர் மேலே, ஒரு எஃகுத் தட்டு இருக்கிறது. வீட்டின் மூக்கிலிருந்து தொங்கும் முளை அதில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. ஆகாய விமானத்தில் பெயர் வாங்கிய கிளென் கர்டிஸ் என்னும் அமெரிக்கர், 1920-களின் கடைசியில், இந்த மாதிரிப் பூட்டுகிற பிரயாண வீடு ஒன்றைச் செய்து விற்றார். வண்டியின் வாலில் கொக்கி போட்டு இழுப்பதைவிட இதில் ஆட்டம் குறைவு. அதனால்தான் பெரிய பெரிய வீடுகளை எல்லாம் இந்த முறையில் இழுக்கிறார்கள்.

அண்ணாச்சியின் படத்தில் இருந்த வீடு முப்பத்தைந்து அடி நீளம். பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் மேஜை இழுப்பறையைப்போல் வெளியே வந்து, கூடம் இரட்டிப்பாகிறது. இரண்டு சோபா. ஒரு டெலிவிஷன். அதன் கீழே, குளிர் காய்வதற்கு ஒரு கணப்பு! சித்திரை மாதத்து மேலநீலிதநல்லூரில் கணப்பு எதற்கு என்று கேட்க நமக்கு நாக்கு எழும்பவில்லை. அண்ணாச்சியின் முகத்தில் அவ்வளவு பிரகாசம்.

அன்று முதல் மூன்று மாதம், சாயங்காலம் தோறும் அவர் வீட்டுத் திண்ணையில் சபை கூடிற்று. அண்ணாச்சி, நாம், தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவர், பலசரக்குக் கடைக்காரர். மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவார். சபையின் நடவடிக்கைகளை இங்கே சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதல் நாள் தெருவை அளந்தோம். வீடும் இழுக்கும் டிரக்கும் சேர்ந்தால் ஐம்பது அடிக்குக் குறையாது. தெரு முக்கில் திரும்ப வேண்டுமானால் வேப்பமரத்தை வெட்ட வேண்டும். பிறகு பலசரக்குக் கடையின் தாழ்வாரத்தையும் இடிக்க வேண்டும். கடைக்காரர் மறுநாள் சபைக்கு வரவில்லை.

இரண்டாவது, வாசற்படி. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறத்தில் ஓடுகின்றன. ஆகவே ஓரத்தில் நிறுத்தி இறங்குவதற்காக வீட்டின் கதவை வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். நம் தேசத்தில் இடப்புறம் ஓட்டுகிறோம். அந்த வீட்டை இங்கே ஓரமாக நிறுத்தினால், கதவைத் திறந்து வெளியே கால் வைக்கிறவர் நேரே நாகர்கோவில் பஸ்ஸுக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். மின்சாரமும் அப்படியே: அந்த வீட்டில் உள்ள சாமான்கள் 120 வோல்ட்டுக்கு ஏற்பட்டவை; நம் வீட்டுச் சுவரில் வருவது 230.

மூன்றாவது, பாரம். இதைச் சபையில் யாரும் யோசிக்கவில்லை. தெருவோடு போன ஒரு தாத்தாதான் நின்று கேட்டார். சிறு வயதிலிருந்து பாரவண்டி ஓட்டியவர் அவர்.

"வண்டி முன்பாரமா, பின்பாரமா?"

அண்ணாச்சி விழித்தார். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி அழுத்தி மாட்டின் கழுத்துப் புண்ணாகும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மூட்டை ஏற்றுகிறவன் கெட்டிக்காரனாயிருந்தால் மாட்டுக்குத் தெரியாமல் வண்டி போகும்.

நாம் அன்று இரவு புத்தகத்தைப் புரட்டினோம். தாத்தா சொன்னது அட்சரம் பிசகாமல் அதில் இருந்தது! ஐந்தாம் சக்கர வீட்டின் மொத்த எடையில் நூற்றுக்கு 15 முதல் 25 வரையில் இழுக்கும் வண்டியின் முதுகில் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் வீடு ஓட்டத்தில் வாலாட்டத் தொடங்கும். ஆறு டன் வீடு என்றால் ஒரு டன்னுக்கு மேல் முதுகுச் சுமை. நம் ஊரில் வாழைத்தார் ஏற்றும் பிக்அப் வண்டிகளுக்கு அந்த ஒரு டன்னே முழுச் சுமை. வீட்டின் மீதி ஐந்து டன்னை அவை இழுப்பது எப்படி?

ஆக, சீமை வீடு வராது என்று தீர்மானமாயிற்று. அண்ணாச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னார்.

*

அவரைத் தேற்றுவதற்காக நாம் சில கதைகளைச் சேகரித்துக்கொண்டு போனோம்.

உல்லாசப் பிரயாணத்துக்கென்றே முதன்முதலில் சக்கர வீடு செய்துகொண்டவராக ஆங்கிலேயர் கொண்டாடுவது கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவரை. கடற்படையில் வைத்தியராயிருந்து ஓய்வு பெற்ற ஸ்காட்லாந்துக்காரர். 1885-ல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் சொல்லிச் செய்து, இரண்டு குதிரை பூட்டி, தென் இங்கிலாந்திலிருந்து தம் ஸ்காட்லாந்து வரையில் போனார். கூடவே ஒரு நாய், ஒரு கிளி. வண்டிக்கு முன்னால் ஒரு வேலைக்காரன் மூன்று சக்கர சைக்கிளில் போய், "வீடு வருகிறது, விலகுங்கள்!" என்று எதிரே வருகிறவர்களை எச்சரிப்பானாம்.

அதற்கும் ஐந்து வருஷத்துக்கு முன்பே, 1880-ல், ஜூல் வெர்ன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒரு நாவல் எழுதினார். நீராவியால் நடக்கும் இரும்பு யானை ஒன்று இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வட இந்தியா முழுவதும் சுற்றுகிறது. பிரயாண வீட்டுக்குக் கற்பனையிலேயே இந்தியாதான் தகுந்த இடம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள். கற்பனை மட்டுமா? 1982-ல் என். டி. ராமராவ் ஒரு பழைய ஷெவர்லே வண்டியைச் 'சைதன்ய ரதம்' என்று மாற்றி அமைத்துக்கொண்டு, சாலையோரத்தில் குளித்து, சாப்பிட்டு, ஆந்திர தேசம் முழுவதும் சுற்றினார். 1983 ஜனவரியில் முதல் மந்திரியும் ஆனார்.

"எனக்கு மந்திரிப் பதவி வேண்டாம், தம்பி. மதினியைக் கூட்டிக்கொண்டு நாலு ஊர் பார்த்தால் போதும்" என்றார் அண்ணாச்சி.

கதையைக் கேட்டுச் சிரித்ததால், மேற்கொண்டு விஷயத்தைச் சொன்னோம். இந்திய சர்க்கார் 2009-லேயே காரவன் பிரயாணத்துக்கு ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. கேரள சர்க்கார் 2021-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அடுத்த வருஷம் வாகமண் மலையில் காரவன்கள் தங்கும் பூங்கா திறந்தது. நம் நாட்டில் காரவன் என்றால் சினிமா நட்சத்திரம் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொள்ளும் இடம் என்றுதான் பாமரரும் நினைக்கிறார்கள். இழுக்கும் வண்டி தனி, வீடு தனி என்று இல்லாமல், ஒரே வேனுக்குள் வீட்டை அமைப்பதுதான் நம் சாலைக்கும் நம் தெரு முக்குக்கும் பொருந்தும். அதற்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. கரூருக்குப் போனால் போதும்.

*

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை, திண்டுக்கல் வழியாகக் கரூர் போய்ச் சேர்ந்தோம். போர்வையும் திரைச்சீலையும் நெய்து கடல் கடந்து அனுப்பும் ஊர் அது. அதே ஊர்தான் தென்னாட்டு பஸ்களுக்கெல்லாம் உடம்பு கொடுக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வெறும் சட்டமும் என்ஜினும் சக்கரமுமாகப் புறப்படும் வண்டியை நீங்கள் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கூரை கிடையாது, சுவர் கிடையாது. வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவார். அந்த எலும்புக்கூடு கரூர்ப் பட்டறைக்குள் நுழைந்து, சில வாரத்தில் கண்ணாடியும் மெத்தையும் வர்ணமுமாக மணப்பெண் மாதிரி வெளியே வருகிறது.

பட்டறை மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர். காதில் பென்சில். அண்ணாச்சி தம் படக் கட்டைப் பிரித்தார். மேஸ்திரி கணப்பைப் பார்த்தார், சிரிக்கவில்லை. பெரிய மனிதர்.

"ஐயா, வீட்டைப் பார்ப்பவர்கள் எல்லோரும் உள்ளே வந்து மெத்தையை அழுத்திப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் கீழே குனிந்து பாருங்கள்" என்றார்.

அவர் சொன்னவற்றை நம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். ஓய்வுக் காலப் பணத்தை இதில் போட நினைக்கும் நேயர்களுக்கு உபயோகப்படலாம்.

முதலில் அடிச்சட்டம். துருவும் விரிசலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். புது வர்ணம் பூசியிருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. வெறும் வண்டியின் எடை வேறு, அது தாங்கக்கூடிய மொத்த எடை வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குச் சொந்தம். அதில் ஆட்கள், பெட்டி, பாத்திரம், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. தேக்கு அலமாரியும் கிரானைட் மேடையும் வைத்தவர்கள் தண்ணீருக்கு இடமில்லாமல் நிற்கிறார்கள்.

மூன்றாவது கூரை. சக்கர வீட்டுக்கு முதல் சத்துரு மழைநீர். பட்டறையில் பஸ்ஸை நிறுத்தி, நாலு பக்கமும் குழாய் வைத்து மழைபோல் தண்ணீர் அடித்துப் பார்க்கிறார்கள். வாங்குகிறவரும் அப்படியே பார்க்க வேண்டும். பழைய வண்டியானால் உட்சுவரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அப்பளம் மாதிரி உப்பியிருந்தாலும், தரை காலடியில் மெத்தென்று அமிழ்ந்தாலும், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பூஞ்சை வாசனையை ஊதுவத்தி மறைக்காது.

நான்காவது டயர். டயரின் பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றிருந்தால், 2018-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் நிழலில் நின்ற டயருக்குப் பல் தேய்ந்திருக்காது. ஆனால் வயது ஏறியிருக்கும்.

ஐந்தாவது காகிதம். வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தராது. அனுமதியும் பதிவும் முறையாக இல்லாவிட்டால், வழியில் நிற்பதோடு, விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் கையை விரிக்கும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் நாம் ஒரு காரியம் செய்தோம். வேறோர் ஊரில், பழைய காரவன் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். வெளியே பளபளப்பு, உள்ளே வெல்வெட்டுத் திரை, கூரையில் நட்சத்திரங்களைப்போல் விளக்கு. அண்ணாச்சி முன்பணம் கொடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டார். நாம் மேஸ்திரியை நினைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பின்னால் சுவரை அழுத்தினோம். விரல் உள்ளே போயிற்று! டயரில் பார்த்தால், நம் மூத்த பையன் பிறந்த வருஷம் இருந்தது. அவன் இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிறான்.

*

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்பதும் மேஸ்திரியின் யோசனைதான். மதுரையில் மூன்று நாளைக்கு ஒரு வண்டி அமர்த்தினோம். ஒட்டிக்கொண்டு போனவர் அண்ணாச்சி, பக்கத்து ஆசனத்தில் நாம், பின்னால் மதினி. திருநெல்வேலி தாண்டி, தாமிரவருணிக் கரையோடு வாழையும் நெல்லும் பார்த்துக்கொண்டு, திருச்செந்தூர்ச் சாலையில் போனோம். ஆழ்வார்திருநகரியில் வண்டியை நிறுத்திக் காப்பி வாங்கினோம்.

மதினிக்கு நீட்டினால் வேண்டாம் என்றார்.

"காப்பி பிடிக்காதா, மதினி?"

"பிடிக்கும், தம்பி. பிரயாணத்தில் நான் ஒன்றும் குடிப்பதில்லை."

"தண்ணீராவது?"

மதினி சற்றுப் பேசாமல் இருந்தார். பிறகு, வகுப்பில் பையனுக்குச் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "பஸ் ஏறுகிற நாளென்றால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் வழியில் எங்கே போவது? அண்ணாச்சிக்கு என்ன, மரம் இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாக இப்படித்தான். சர்க்கரை வந்த பிறகு அதுவும் முடியவில்லை. அதனால்தான் எங்கேயும் வரவில்லை என்று சொல்லிவிடுவது."

அண்ணாச்சி ஸ்டீரிங்கின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. நாம் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்து, தெருவை அளந்து, பாரத்தை அளந்து, அமெரிக்கா, இங்கிலாந்து எல்லாம் போய் வந்தோம். காப்பி கொண்டுவந்து வைத்தவரை ஒரு நாளாவது, "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோமா? இரண்டு வாத்தியார்கள் சேர்ந்து செய்த தப்பு இது.

"பின்னால்தான் இருக்கிறதே, மதினி!" என்றோம் மெதுவாக.

"இருக்கிறது. ஆனால் படி உயரம். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு தடவை ஏறினதே போதும் என்று இருக்கிறது. உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. கதவைச் சாத்தினால் திரும்ப முடியவில்லை."

முதல் நாள் இரவு திருச்செந்தூரில் ஓரிடத்தில் நிறுத்தினோம். பத்து மணிக்குப் போட்ட குளிர்சாதனம் மூன்று மணிக்கு நின்றுவிட்டது. மணிக்கு ஒரு யூனிட் குடிக்கிற யந்திரத்துக்கு ஐந்து யூனிட் பாட்டரி ஐந்து மணி நேரம்தான் வரும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. இரண்டு வாத்தியார்களுக்கு அது வியர்த்துக் கொட்டிய பிறகு விளங்கிற்று. நாலு மணிக்கு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மீன் வண்டி நிற்கிற இடமாம் அது. வீட்டைக் கிளப்பிக்கொண்டு போனோம்.

காலையில் இன்னொரு பாடம். கக்கூஸ் தொட்டியை எங்கே காலி செய்வது? மேல் நாட்டில் அதற்கென்று நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். இங்கே சின்னத் தொட்டியைப் பெட்டி மாதிரி கழற்றிக் கொண்டுபோய், ஒரு முறையான கழிப்பிடத்தில் கொட்டிக் கழுவ வேண்டியதுதான். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் அதைத் தாமே தூக்கிக்கொண்டு போனார். நாம் உதவிக்குப் போனதற்கு, "வேண்டாம், தம்பி, இது என் வேலை" என்றார். முன்பு படத்தைக் காட்டின அண்ணாச்சியைவிட இந்த அண்ணாச்சி நம் கண்ணுக்கு உயரமாகத் தெரிந்தார்.

அங்கிருந்து குலசேகரப்பட்டினம் வழியாகத் தெற்கே போனோம். ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஊர் அது. அதையும் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மணற்குன்று. அதன் உச்சியில் சிலுவைக் கோவில். குன்றின் அடியில், 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. வடக்கே கழிமுகத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. தெற்கே அலை அடிக்கிறது. ஊருக்கு ஓரத்தில் ஒரு வீட்டார் தங்கள் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். கிணற்றையும் கழிப்பிடத்தையும் காட்டினார்கள். அந்த வீட்டு அம்மாள், படி உயரத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து கீழே போட்டார்.

அன்று ராத்திரி யந்திரத்தைப் போடவில்லை. கடற்காற்றே போதுமானதாயிருந்தது. நாம் வெளியே மடக்குக் கட்டிலில் படுத்திருந்தோம். நடுநிசியில் விழித்துப் பார்த்தால், மணையின் மேல் கால் வைத்து, வாசற்படியில் மதினி உட்கார்ந்திருந்தார். கலங்கரை விளக்கத்தின் ஒளி கடலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தது. கையில் ஒரு சொம்பு.

"தூக்கம் வரவில்லையா, மதினி?"

"தூங்கப் பிடிக்கவில்லை, தம்பி. ராத்திரிக் கடலை நான் பார்த்ததில்லை." சொம்பை உயர்த்தி ஒரு வாய் குடித்தார்.

*

மறுபடியும் கரூருக்குப் போனபோது மதினியும் வந்தார். மேஸ்திரி தரையில் சுண்ணக்கட்டியால் வண்டியின் அளவுக்குக் கோடு போட்டார். மதினி அந்தக் கோட்டுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்; எழுந்தார்; திரும்பினார். "இந்தக் கோட்டை இன்னும் அரை அடி அந்தப் பக்கம் தள்ளுங்கள்" என்றார். மேஸ்திரி அழித்து வேறு கோடு போட்டார்.

மதினி கேட்டவை வருமாறு: படி ஒன்றுக்கொன்று ஒரு சாண் உயரத்துக்கு மேல் கூடாது. ஏறுகிற இடத்திலும் கழிப்பறையிலும் கைப்பிடி. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கக் கூடாது. தலைமாட்டில் ஜன்னல் வேண்டும். அடுப்பு உள்ளே வேண்டாம், பின் கதவைத் திறந்தால் வெளியே நின்று சமைக்கும்படி இருக்கட்டும். இரண்டு பேருக்கு இரண்டு தட்டு போதும். டெலிவிஷன் வேண்டாம். சோபா வேண்டாம்.

"கணப்பு?" என்றார் அண்ணாச்சி, தாழ்ந்த குரலில்.

மேஸ்திரி இந்தத் தடவை சிரித்துவிட்டார்.

கூட்டிப் பார்த்தால், சபை மூன்று மாதமாகப் போட்ட திட்டத்தில் பாதிக்கும் குறைவான செலவு, எடையும் அப்படியே. அண்ணாச்சியின் ஓய்வுப் பணத்தில், வைத்தியச் செலவுக்கென்று ஒதுக்கியதைத் தொடாமலே முடிந்தது. முன்பாரமும் பின்பாரமும் சரியாக நின்றன.

தை பிறந்து வண்டி ஊருக்கு வந்தது. தெரு முக்கில் வேப்பமரத்துக்கும் சேதமில்லை, தாழ்வாரத்துக்கும் சேதமில்லை; பலசரக்குக் கடைக்காரர் மறுபடி சபைக்கு வந்து சேர்ந்தார். பாரவண்டித் தாத்தா சக்கரத்தைச் சுற்றி வந்து, காலால் டயரைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லை" என்றார்.

மேற்கே மலைப் பக்கமாகப் புறப்படுவதென்று ஏற்பாடு. அண்ணாச்சி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மதினி வீட்டைப் பூட்டிச் சாவியை நம்மிடம் கொடுத்தார். திண்ணையில் நிறைய தண்ணீரோடு ஒரு சொம்பு இருந்தது. அதை எடுத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரையில் குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போகலாமா?" என்றார்.